கர்ப்ப காலத்தில் சுகர்: டெஸ்ட் எடுப்பதற்கு முன்பே தொடங்கும் ஆபத்து - பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கர்ப்ப கால நீரிழிவைக் கையாள்வதற்கென்றே ஒரு உலகளாவிய வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் முதல் முறையாக 2025 நவம்பர் 14, உலக நீரிழிவு தினத்தன்று வெளியிட்டது. உலகில் ஆறு கர்ப்பங்களில் ஒன்றில் இந்தப் பிரச்னை இருக்கிறது, ஆண்டுக்கு சுமார் 2.1 கோடி பெண்கள் இதைச் சந்திக்கிறார்கள் என்கிறது அந்த நிறுவனம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய விஷயம் அல்ல. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சுகர் டெஸ்ட் கட்டாயம் என்று 2007லேயே அரசாணை போட்ட மாநிலம் இது. இன்று ஒரு சின்ன கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட, குளுக்கோஸ் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்கும் கர்ப்பிணிகளைப் பார்க்க முடியும்.

அப்படியென்றால் பிரச்னை எங்கே இருக்கிறது? அந்த டெஸ்டுக்கு முன்னால் இருக்கும் மாதங்களிலும், பிரசவத்துக்குப் பின்னால் வரும் மாதங்களிலும். இந்த இரண்டு காலத்திலும் பெண்ணின் சுகரை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ஆனால் குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் காலத்தில். தாயின் எதிர்கால ஆரோக்கியம் முடிவாவது இரண்டாவது காலத்தில்.

இரண்டு வகை, இரண்டு சிக்கல்

கர்ப்ப காலத்தில் சுகர் என்றாலே ஒரே நோய் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதில் இரண்டு வகை இருக்கிறது.

முதல் வகை, கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் நீரிழிவு. சிறு வயதிலேயே வந்து இன்சுலின் போட்டுக்கொள்ளும் டைப் 1 ஆக இருக்கலாம். மாத்திரை சாப்பிடும் டைப் 2 ஆக இருக்கலாம். சுகர் இருப்பதே தெரியாமல் இருப்பவர்களும் உண்டு.

இரண்டாவது வகை, கர்ப்பத்தால் வரும் நீரிழிவு. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதைச் சமாளிக்க வேண்டும். முடியாதபோது சுகர் ஏறுகிறது. பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது மாதத்துக்குப் பிறகே இது தெரியவரும்.

இரண்டாவது வகையில் சுகர் ஏறும்போது குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும். அதனால் பெரும்பாலும் குழந்தையின் எடை, பிரசவம், பிறந்த பிறகான நாட்கள் ஆகியவற்றில்தான் சிக்கல் வரும். முதல் வகை அப்படி அல்ல. கரு உருவாகும் முதல் நாளிலிருந்தே அது அதிக சர்க்கரையில் வளர்கிறது.

12வது வாரமா, 6வது வாரமா?

மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் 'நாள் தள்ளிப்போயிருக்கு' என்று ஒரு பெண் உணரும்போதே நான்கு வாரம் முடிந்திருக்கும். மூளையும் தண்டுவடமும் உருவாக வேண்டிய நரம்புக் குழாய் ஆறாவது வாரத்துக்குள் மூடிவிடும். இதயம் துடிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான்.

அதாவது நாள் தள்ளிப்போனது தெரிந்து, வீட்டிலேயே யூரின் டெஸ்ட் செய்து, கணவரிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முக்கியமான கட்டம் முடிந்துவிடுகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி கிடைக்க, 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். ரத்தசோகை, ரத்த அழுத்தம், ஊட்டச்சத்து ஆகியவற்றைப் பார்க்க அந்தக் கெடு போதுமானது. ஏற்கெனவே சுகர் இருக்கும் பெண்ணுக்கு அது தாமதம்.

பொதுவாக பிறக்கும் 100 குழந்தைகளில் இரண்டு, மூன்று பேருக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும். கர்ப்பம் தரிக்கும்போது தாயின் சுகர் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் இது பல மடங்கு கூடும். இதயக் குறைபாடும் தண்டுவடக் குறைபாடும் இதில் முக்கியமானவை. கருச்சிதைவு, குழந்தை வயிற்றிலேயே இறப்பது ஆகியவற்றின் அபாயமும் அதிகம். சுகர் இயல்பு நிலைக்குப் பக்கத்தில் இருக்கும்போது கர்ப்பம் தரித்தால் இந்த அபாயம் பெருமளவு குறைந்துவிடும். இது விதி அல்ல, சில மாதத் தயாரிப்பில் மாற்றக்கூடிய விஷயம்.

கர்ப்பத்துக்கு முன் செய்ய வேண்டியவை

நீரிழிவு இருக்கும் பெண் குழந்தைக்குத் திட்டமிடுகிறார் என்றால், குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது. அப்போது கவனிக்க வேண்டியவை இவை:

- மூன்று மாத சராசரி: ஹெச்பிஏ1சி அளவு 6.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது இலக்கு. அடிக்கடி லோ சுகர் வராமல் அடைய முடிந்த அளவுக்கு இறக்கினால் போதும், ஒவ்வொரு படி குறைவதும் பலன்தான். 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது குறையும் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் உறுதியாகச் சொல்கிறது.
- ஃபோலிக் ஆசிட்: மற்றவர்களை விட இவர்களுக்கு அதிக அளவு தேவை. டாக்டர் பரிந்துரையுடன் தினமும் 5 மில்லி கிராம் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கி 12வது வாரம் வரை எடுப்பது வழக்கம்.
- மாத்திரைகளை மறுபரிசீலனை செய்வது: பிரஷருக்காகத் தரப்படும் எனலாப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான், கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரைகள், சுகருக்கான டாபாகிளிஃப்ளோசின் போன்றவை கர்ப்பத்துக்கு ஏற்றவை அல்ல. இவற்றுக்குப் பதில் வேறு மருந்தை டாக்டர் தருவார். தானாக நிறுத்தினால் சுகரும் பிரஷரும் எகிறிவிடும்.
- கண், சிறுநீரகம்: விழித்திரை பாதிப்பு கர்ப்ப காலத்தில் தீவிரமாகலாம். அதனால் கண் பரிசோதனையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற டெஸ்டும் முன்கூட்டியே தேவை. தைராய்டையும் பார்த்துவிடலாம்.
- அதுவரை கருத்தடை: சுகர் கட்டுக்குள் வரும் வரை கர்ப்பம் தரிக்காமல் இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. காண்டமும் காப்பர்-டியும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஹெச்பிஏ1சி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இரும்புச்சத்து குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த அளவு உண்மையை விட அதிகமாகக் காட்டலாம். கர்ப்பம் தரித்த பிறகு உண்மையை விடக் குறைவாகவும் காட்டலாம். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் அதிகமானவர்களுக்கு ரத்தசோகை உள்ளது. அதனால் இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாமல், சாப்பிடும் முன், சாப்பிட்ட பின் எடுக்கும் அளவுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

"என்னம்மா, ஏதாவது விசேஷமா?"

பட்டியல் போடுவது சுலபம். கல்யாணமான மூன்றாவது மாதமே உறவினர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கும் சூழலில், "சுகர் குறையட்டும், ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்று ஒரு புது மருமகள் சொல்வது சுலபம் அல்ல.

டைப் 1 நீரிழிவு உள்ள பெண்களுக்கு இது இன்னும் கடினம். வரன் தட்டிப்போகும் என்று பயந்து நோயை மறைத்துக் கல்யாணம் செய்து வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அப்படிப் போன பெண், மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இன்சுலின் போட வேண்டும். சாப்பாட்டு நேரத்தை அவர் தீர்மானிக்க முடியாது. பகலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள முடியாது. ஊசி தவறும் நாட்களில் சுகர் ஏறும். அந்த நாட்களில்தான் கருவும் உருவாகிறது.

டைப் 1 இருக்கும் பெண்ணும் ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றெடுக்க முடியும். அதற்குத் தேவை திட்டமிடல். திட்டமிட, கணவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஜிடிடி டெஸ்ட்: 75 கிராம் குளுக்கோஸின் கதை

2005-07 காலத்தில் சென்னை நகரம், சைதாப்பேட்டை, திருவள்ளூர் மாவட்டக் கிராமங்கள் ஆகியவற்றில் மருத்துவர் வி.சேஷையா குழுவினர் ஆய்வு நடத்தினர். நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரப் பகுதியில் 13.8 சதவீதம், கிராமங்களில் 9.9 சதவீதம் கர்ப்பிணிகளுக்கு நீரிழிவு இருந்தது. கிராமத்துப் பெண்களிலும் பத்தில் ஒருவர். சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10, இந்தியாவில் கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அவர் முன்வைத்த எளிய முறைதான் இன்று மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் இருக்கிறது. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸை சுமார் 300 மில்லி தண்ணீரில் கலந்து ஐந்து, பத்து நிமிடங்களில் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப கால நீரிழிவு. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் டெஸ்டை இன்னொரு நாள் மீண்டும் எடுக்க வேண்டும்.

இதை எப்போது எடுப்பது? முதல் முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போதே ஒன்று. அது நார்மல் என்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. முதல் டெஸ்ட் நார்மலாக வந்ததால் இரண்டாவதைத் தவிர்ப்பது பலரும் செய்யும் தவறு. நஞ்சுக்கொடி ஹார்மோன்கள் உச்சத்தை நோக்கிப் போவது அதற்குப் பிறகுதான்.

இந்த முறைக்கு விமர்சனமும் உண்டு. வெறும் வயிற்றில் எடுக்கும் டெஸ்டோடு ஒப்பிட்டால் இது சில பெண்களைத் தவறவிடுகிறது என்று சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்களே கூறியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்ற முறையில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 என மூன்று எல்லைகள் உள்ளன. ஒன்றைத் தாண்டினாலே நீரிழிவு. ஆனால் காலை முதல் பேருந்தைப் பிடித்து, பட்டினியோடு வந்து, மூன்று முறை ரத்தம் கொடுக்கச் சொன்னால் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்பது எதிர்த் தரப்பின் கேள்வி. துல்லியமான டெஸ்டா, எல்லோரும் எடுக்கக்கூடிய டெஸ்டா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

குழந்தைக்கு என்ன ஆகிறது?

தாயின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அந்த இன்சுலின் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. குழந்தையின் உடல், குறிப்பாகத் தோளும் வயிறும் பெருக்கிறது.

"புள்ள நல்லா கொழுகொழுன்னு நாலு கிலோ இருக்கு" என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்படும் எடை, சில நேரம் தாயின் சுகரின் அடையாளம். பிரசவத்தில் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளலாம். சிசேரியன் தேவைப்படலாம். தாய்க்குப் பிரஷர் ஏறலாம், பனிக்குட நீர் அதிகமாகலாம்.

தொப்புள் கொடியை வெட்டியதும் சர்க்கரை வரவு நின்றுவிடும். ஆனால் குழந்தையின் கணையம் பழைய வேகத்திலேயே இன்சுலின் சுரக்கும். அதனால் பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சுகர் சட்டென்று இறங்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பதும், குழந்தையின் சுகரைப் பரிசோதிப்பதும் இதற்காகத்தான். 45க்குக் கீழே போனால் உடனே சிகிச்சை தேவை. முதல் பாலுக்கு முன் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவுவது இதற்குத் தீர்வு அல்ல.

"ரெண்டு உசுருக்கு சாப்பிடணும்" சரியா?

கர்ப்பிணிக்குக் கூடுதல் உணவு தேவை என்பது உண்மை. இரண்டு மடங்கு தேவை என்பது உண்மை அல்ல. சுகர் இருக்கிறது என்று பயந்து பட்டினி கிடப்பதும் குழந்தைக்குக் கெடுதல்.

உணவுச் சிகிச்சையின் அடிப்படை, ஒரே நேரத்தில் அதிகம் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுவது. மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு, மூன்று முறை சிறிதளவு. தட்டில் சோற்றைக் குறைத்து, காய், கீரை, பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும் நிறைய சாம்பாரும், பத்து மணிக்குக் கொஞ்சம் சுண்டலும் என்று மாற்றலாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் சில:

- வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் சேர்ப்பது. இவையும் சுகரை ஏற்றும்.
- கேழ்வரகு, கம்பு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என நினைப்பது. அவற்றிலும் மாவுச்சத்து இருக்கிறது. நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சுகர் வேகமாக ஏறும்.
- பழத்தை ஜூஸாகக் குடிப்பது. முழுப் பழமாக, அளவோடு சாப்பிடுவது மேல்.
- சத்து மாவு, ஊட்டச்சத்து பானங்களில் இருக்கும் சர்க்கரையைக் கணக்கில் எடுக்காமல் விடுவது.

வளைகாப்பு நடக்கும் ஏழாவது, ஒன்பதாவது மாதங்கள் சுகர் அதிகம் ஏறும் காலம். புளி சாதம், தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து, ஏழு வகைச் சோற்றை ஒரே பந்தியில் ஊட்டிவிடுவார்கள். விழாவை நிறுத்த வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு வாய் என்று ஊட்டாமல், எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு கப் என்று வைத்துக்கொள்ளலாம். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை தினமும் அரை மணி நேர நடையும் உதவும்.

மாத்திரையா, ஊசியா?

கர்ப்பத்தால் வந்த நீரிழிவு என்றால் இரண்டு வாரம் உணவும் நடையும்தான் சிகிச்சை. அதன் பிறகும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120க்குக் கீழே வரவில்லை என்றால் மருந்து. வெறும் வயிற்றில் 95க்குக் கீழே இருக்க வேண்டும். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் இன்சுலினோடு மெட்ஃபார்மினுக்கும் இடம் உண்டு. மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது என்பது தேர்வில் கவனிக்க வேண்டிய வித்தியாசம்.

"ஊசி ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது" என்ற பயம்தான் பல பெண்கள் இன்சுலினைத் தள்ளிப்போடக் காரணம். கர்ப்பத்தால் வந்த நீரிழிவில் பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும்.

இன்சுலின் போடுபவர்கள் லோ சுகரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து அளவு 70க்குக் கீழே இருந்தால், மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை மண்பானைக் குளிர்ச்சியில் வைக்கலாம். கடைசி மாதங்களில் குழந்தையின் அசைவு குறைந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

பிரசவத்தோடு முடிந்துவிடுகிறதா?

"குழந்தை பொறந்தா சுகர் போயிடும்" என்று சொல்லப்படுவது பாதி உண்மை. அளவு நார்மலுக்கு வந்துவிடும். ஆனால் கர்ப்ப கால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் டைப் 2 நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம் என்று பெரிய ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன.

அதனால்தான் பிரசவமான ஆறாவது வாரத்தில் மீண்டும் குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். தாய் வீட்டில் இருப்பார், தூக்கம் இருக்காது, கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் காத்திருக்க முடியாது. வீட்டில் எல்லோருடைய கவனமும் குழந்தை மேல் இருக்கும்.

இந்த டெஸ்டைத் தவறவிடும் பெண் இரண்டு ஆண்டு கழித்து மீண்டும் கர்ப்பம் தரிக்கும்போது, அவருக்கே தெரியாமல் முதல் வகைக்கு மாறியிருக்கலாம். முதல் குழந்தைக்கு இல்லாத பிறவிக் குறைபாட்டு அபாயம் இரண்டாவது குழந்தைக்கு வருவது இப்படித்தான். பிரசவத்துக்குப் பின்னால் விடுபடும் டெஸ்ட், அடுத்த கர்ப்பத்துக்கு முன்னால் விடுபடும் டெஸ்ட்டாகவும் ஆகிவிடுகிறது.

இடைவெளியை எப்படி அடைப்பது?

2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. சுமார் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். நீரிழிவோடு கர்ப்பம் தரிக்கும் பெண்களின் எண்ணிக்கை இனி குறைய வாய்ப்பில்லை.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. யார் வீட்டில் எந்தப் பெண் சுகர் மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அந்தப் பட்டியலில் இருக்கும். குழந்தை பெறும் வயதில் இருக்கும் தம்பதிகளின் பதிவேடு கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கர்ப்பத்துக்கு முன்பே ஆலோசனை தேவைப்படும் பெண்கள் யார் என்பது தெரிந்துவிடும்.

அதேபோல, பிறந்த குழந்தைக்கு ஆறாவது வாரம் தடுப்பூசி போட தாய் எப்படியும் வருவார். தாய்க்கு டெஸ்ட் எடுக்க வேண்டியதும் அதே ஆறாவது வாரம். முன்கூட்டியே சொல்லி, காலையில் வெறும் வயிற்றில் வரவைத்தால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம்.

அது நடைமுறைக்கு வரும் வரை, கேட்டு வாங்க வேண்டியது பெண்களும் அவர்கள் குடும்பமும்தான். சுகர் மாத்திரை சாப்பிடும் பெண், "நாங்க குழந்தைக்குப் பாக்குறோம், இந்த மாத்திரை சரியா டாக்டர்?" என்று கேட்க வேண்டும். திட்டமிடாமல் நாள் தள்ளிப்போயிருந்தால் பயப்படவோ மாத்திரையை நிறுத்தவோ வேண்டாம், அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போகும்போது, "எனக்கும் சுகர் டெஸ்ட் எடுக்கணும் சிஸ்டர்" என்று சொல்ல வேண்டும். அந்த டெஸ்ட் நார்மலாக வந்தாலும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும், அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பும் ஒருமுறை சுகரைப் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.